தெரியாது எண்டு சொல்லுறதுக்கும் படிச்சிருக்க வேணுமாம்

யூத சமயத்தில 613 கட்டளையள் இருக்கு எண்டு கேள்விப்பட்டிருப்பியள், எதைச் சாப்பிடலாம் எதைச் சாப்பிடக்கூடாது, சனிக்கிழமையில என்ன செய்யக்கூடாது எண்டு நீளமா ஒரு லிஸ்ட். ஆனா ரம்பாம் எண்டு யூத ஆக்கள் கூப்பிடுற மைமோனிடிஸ் எண்ட யூத அறிஞர் (1204இல எகிப்தில செத்தவர்) அந்தச் சட்டம் முழுக்கத் திரட்டி 14 புத்தகமா எழுதேக்க முதல் புத்தகத்தின்ர முதல் வரியில சாப்பாட்டையும் வைக்கேல்லை, சனிக்கிழமையையும் வைக்கேல்லை. எல்லாத்துக்கும் முந்தி ஒருத்தர் இருக்கிறார், மிச்சமெல்லாம் அவரால தான் இருக்கு, இதை அறி எண்டு தான் தொடங்குறார். கும்பிடுறதுக்கு முதல் அறியவேணும், அதுவும் சட்டமா!

இந்தக் கதை எனக்கு வந்தது ரொறொன்ரோவில இருக்கிற மச்சாளால. அவையின்ர பக்கத்து வீட்டில யூத ஆக்கள், அந்த வீட்டு அம்மாவோட இவ வேலிக்கரையில நிண்டு ஊர்க்கதை கதைக்கிறவ, ஒருநாள் வட்ஸ்அப்பில "எடியே, இவைக்கு ஆறு கட்டளை எந்த நேரமும் ஓடிக்கொண்டே இருக்குமாம், சமைக்கேக்கயும் தானாம், கடவுளை அறியிறது அதில முதலாவதாம்" எண்டு வொய்ஸ் போட்டவ. தேடிப்பாத்தன், சரிதான், 13ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில எழுதின சேஃபர் ஹஹினூக் எண்ட நூலின்ர முன்னுரையில அந்த ஆறும் இருக்கு. ஆம்பிளைக்கும் பொம்பிளைக்கும் பொதுக் கடமை. பஞ்சாங்கம் பாக்கத் தேவையில்லை. யூத சமயத்திலயும் தீட்டுச் சட்டங்கள் இருக்கு, இல்லையெண்டு சொல்லேல்லை, ஆனா இந்த ஆறையும் அது தொடாது. அந்த நாளுகளில சாமியறைப் பக்கம் எட்டியும் பாக்காத எண்டு சொல்லி வளத்த எனக்கு இதைத் தாண்டிப் போக கொஞ்ச நேரம் எடுத்தது.

சரி, எப்பிடி அறியிறதாம்? கண்ணை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லேல்லை ரம்பாம். அவர் படைச்சதுகளைப் பார், அதில இருக்கிற அளவில்லாத அறிவை யோசி, உடன ஒரு ஆசை வரும், இன்னும் அறியவேணும் எண்டு அவதிப்படுவாய், அப்பிடியே யோசிச்சுக்கொண்டு போகேக்க நான் எவ்வளவு சின்ன ஆள் எண்டு திடுக்கிட்டுப் பின்வாங்குவாய் எண்டு எழுதுறார். அன்பும் பயமும் ஒரே பார்வையில இருந்து தான் வருது. அதோட விடேல்லை, அடுத்த அதிகாரத்தில வானசாஸ்திரம் படிப்பிக்கத் தொடங்குறார், ஒரு சட்டப் புத்தகத்துக்குள்ள! சூரியன் பூமியை விட 170 மடங்கு பெரிசு எண்டு கணக்குப் போட்டிருக்கு. கணக்குப் பிழைதான், கொள்ளளவில 13 லட்சம் மடங்கு எண்டு இண்டைக்கு ஓ லெவல் பெடியனும் சொல்லுவான். ஆனா அந்தப் பெடியன் அதைப் படிக்கிறது ரியூசனில மாக்ஸ் எடுக்க, ரம்பாம் படிச்சது கடமை எண்டு. எங்கட ஊரில பயோவும் மட்ஸும் படிக்காத வீடில்லை, ஆனா சோதனைக்குப் போக முதல் திருநீறு பூசுறதைத் தவிர அந்தப் படிப்புக்கும் சாமிக்கும் நாங்கள் ஒரு சம்பந்தமும் வைக்கிறதில்லை.

எல்லாரும் இதுக்குத் தலையாட்டேல்லை எண்டதையும் சொல்லவேணும். ஹஸ்தாய் கிரெஸ்காஸ் எண்டு பிறகு வந்த ஒரு ரபி (யூத மதகுரு), 1410இல, கட்டளை எண்டால் கட்டளை போடுற ஆள் ஒருத்தர் இருக்கிறார் எண்டது முதலே தெரிஞ்சிருக்கவேணும், பிறகு அவர் இருக்கிறார் எண்டதை நம்பு எண்டு அவரே எப்பிடிக் கட்டளை போடுறது எண்டு கேட்டவர். நல்ல கேள்வி. எனக்கு அதுக்கு மறுமொழி தெரியேல்லை.

இதையெல்லாம் பெரியப்பாவிட்ட சொன்னன். அவர் யாழ்ப்பாணத்துச் சித்தர் யோகர் சுவாமியின்ர ஆள், சின்ன வயசில கொழும்புத்துறைக்குப் போய் சுவாமியைக் கண்டவர், வீட்டுச் சுவரில சுவாமியின்ர நாலு மகாவாக்கியமும் சட்டம் போட்டுத் தொங்குது. நான் கதைச்சு முடிக்க முதலே சுவரைக் காட்டி "நாம் அறியோம், பிள்ளை. உது தான் முடிவு, பிறகேன் உந்த ஆராய்ச்சி" எண்டார். பகிடி என்னெண்டால் ரம்பாமும் கடைசியா அங்க தான் போய் நிக்கிறார்! கடவுள் இப்பிடி எண்டு சொல்லவே ஏலாது, இப்பிடியில்லை எண்டு மட்டும் தான் சொல்லலாம், அவருக்கு மௌனம் தான் துதி எண்டு பைபிளில வாற சங்கீதப் பாட்டை எடுத்துக் காட்டுறார். தல்மூது எண்ட பழைய யூத சட்டநூலில இருக்கிற ஒரு கதையும் சொல்லுறார், ஒரு ஆள் மகத்தானவரே, வல்லவரே, பயங்கரரே எண்டு அடுக்கிக்கொண்டே போனாராம், ரபி ஹனினா முடியுமட்டும் பொறுத்திருந்து "உன்ர ஆண்டவனைப் புகழ்ந்து முடிச்சிட்டியோ?" எண்டு கேட்டாராம். (விடியக்காலமை நாலரைக்கு லவுட்ஸ்பீக்கர் போடுற எங்கட பக்கத்துக் கோயில்காரருக்கு இதை ஆராவது அனுப்புங்கோ.)

ஆனா பெரியப்பாவோட நான் ஒத்துப்போகாத இடம் இது தான். ரம்பாமுக்கு ஒவ்வொரு "இல்லை"யும் உழைச்சு எடுக்கிற சாமான், உடம்பில்லை எண்டதை நிறுவவேணும், ரெண்டில்லை எண்டதை நிறுவவேணும், ஒண்டைக் கூட நிறுவினவன் நிறுவாதவனை விட கிட்டப் போயிட்டான் எண்டுறார். யோகர் சுவாமியும் நல்லூர்த் தேரடியில தன்ர குரு செல்லப்பா சுவாமியிட்ட சும்மா வாங்கினவரே அந்த வசனத்தை? நாங்கள் தான் அதைப் பிள்ளையளின்ர வாயை மூடப் பாவிக்கிறம். சைவசமய பாடத்தில சரியை கிரியை யோகம் ஞானம் எண்டு கொப்பியில எழுதி மனப்பாடம் பண்ணினன், ஞானம் எண்டால் என்ன எண்டு கேட்டதுக்கு ரீச்சர் "அது சோதனைக்கு வராது, இரு" எண்டவ.

ரம்பாம் ஒரு அரண்மனைக் கதை சொல்லுவார். ராசா உள்ள இருக்கிறார், சிலபேர் ஊருக்கே வரேல்லை, சிலபேர் ஊருக்குள்ள இருந்தும் முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் போகினம், சிலபேர் மதிலைச் சுத்திச் சுத்தி வாசலைத் தேடினம். அந்தச் சுத்துற ஆக்கள் ஆரெண்டால் சட்டமெல்லாம் ஒழுங்கா படிச்சு நடக்கிற பக்திமான்கள், அடிப்படை என்னெண்டு ஒருநாளும் ஆராயாதவை. இதை வாசிக்கேக்க எனக்கு ஞாபகம் வந்தது நல்லூர்க் கோயில் வெளிவீதி தான், கொடியேறினால் 25 நாளும் அந்தச் சுடுமணலில வெறுங்காலோட சுத்துற நாங்கள். இதை எழுதின துணிவுக்கு அவருக்கு வசையும் விழுந்தது.

ஆள் காட்டில இருந்த சாமியாரும் இல்லை. சுல்தானின்ர அரண்மனை வைத்தியர், காலமை கெய்ரோவுக்குப் போய் மத்தியானத்துக்குப் பிறகு பசியோட வீட்ட வந்தால் விறாந்தை நிறைய நோயாளியள், களைப்பில படுத்துக்கொண்டே மருந்து எழுதிக் குடுப்பாராம், ஒரு கடிதத்தில அவரே எழுதியிருக்கிறார். ரத்தின வியாபாரம் செய்த தம்பி எங்கட இந்து சமுத்திரத்தில தான் கப்பலோட தாண்டு செத்தது, அதுக்குப் பிறகு ஒரு வருசத்துக்குக் கிட்ட பாயோட கிடந்தவர். அதாலயோ என்னவோ அவர் சொல்லுற பயிற்சி நடைமுறைக்கு ஏத்த மாதிரி இருக்கு. சுவரைப் பாத்துக்கொண்டு வாயால பிரார்த்தனை, மனசுக்குள்ள வாங்கல் விக்கல், அது வேலையில்லை. முதல்ல ஷெமா எண்ட பிரார்த்தனை சொல்லேக்க மட்டும் மனசில வேற ஒண்டையும் விடாத, அது பழகினாப் பிறகு மற்றதுகள். வீட்டுக் கணக்கு யோசிக்க சாப்பிடேக்க, குளிக்கேக்க, பெண்சாதி பிள்ளையளோட கதைக்கேக்க எண்டு தாராளமா நேரம் இருக்கு, அப்ப யோசி எண்டுறார். குளிக்கேக்க சீட்டுக்காசு யோசிக்கலாம் எண்டு ஒரு சமயப் பெரியவர் லைசன்ஸ் தந்ததை நான் இப்பதான் கேள்விப்படுறன். பெரியப்பாவும் அதுக்கு மட்டும் சிரிச்சுக்கொண்டு ஓமெண்டார்.