திர இல்லா, சேட்டா

காட்டுப்பன்னியைச் சுடலாம்னு பஞ்சாயத்து உத்தரவு கைக்கு வந்து பதினோரு நாள் ஆச்சு. துப்பாக்கி இருக்கு, லைசென்ஸ் இருக்கு, சுடறவங்க பட்டியல்ல என் பேரும் இருக்கு. தோட்டாதான் இல்லை. பீரோவுல மொத்தம் நாலே நாலு எஸ்.ஜி., அதாவது பெரிய குண்டு வெச்ச தோட்டா. அப்பா இருந்தப்ப வாங்கினது. பித்தளை அடியில கிர்க்கி ஃபாக்டரியோட கே.எஃப். முத்திரையைச் சுத்திப் பச்சை பூத்திருக்கு.

எங்க தோட்டம் செம்மணாம்பதிக்குப் பக்கத்துல, கேரளா எல்லையில முதலமடை பஞ்சாயத்து. மாந்தோப்பு, அதையொட்டி ஒண்ணரை ஏக்கர் கப்பை, அதாவது மரவள்ளி. தலையைத் தூக்கினா மலை. பன்னிக் கூட்டம் ஒண்ணு இறங்கி ஒரு ராத்திரி மேஞ்சுட்டுப் போனா, தோட்டம் ஏர் ஓட்டின மாதிரி கிடக்கும். கிழங்கைத் தின்கிறதைவிட மண்ணைக் கிளறிப் போடறதுதான் அதிகம். போன மாசம் தென்னங்கன்னு பதினெட்டு போச்சு. குருத்தை மட்டும் தோண்டித் தின்னுட்டு மட்டையை அங்கேயே போட்டிருந்தது.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஆனைமலையில இருக்கிற மச்சான், "உங்களுக்காவது சுட வழி இருக்குதுங்க மாமா"ன்னு சொல்லுவான். உண்மைதான். தமிழ்நாட்டுல 2025 ஜனவரி உத்தரவுப்படி, காப்புக்காட்டிலிருந்து மூணு கிலோமீட்டர் தாண்டி வந்த பன்னியை வனத்துறைக்காரங்கதான் சுடணும். கேரளாவுல 2022லயே பஞ்சாயத்துத் தலைவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்துட்டாங்க. அவர் உத்தரவு போட்டா லைசென்ஸ் வெச்சிருக்கிறவங்க சுடலாம். விஷம், வெடி, கரண்டுக் கம்பி எதுவும் கூடாது. சுட்ட பன்னியைப் புதைச்சாகணும்.

முதல்ல பாலக்காடு போனேன். கடைக்காரர் லைசென்ஸைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே, "திர இல்லா, சேட்டா"ன்னுட்டார். மலையாளத்துல திரன்னா தோட்டா. 6ஆம் நம்பர் மட்டும் அலமாரி நிறைய இருந்தது. அந்தப் பொடிக் குண்டு பன்னித் தோல்ல புண்ணைத்தான் ஆக்கும். புண்பட்ட பன்னி புதருக்குள்ள படுத்திருந்து, காலையில களை வெட்ட வர்ற பொம்பளைங்க மேல பாயும். எஸ்.ஜி.யில ஒன்பது பெரிய குண்டு, எல்.ஜி.யில இன்னும் பெருசா ஆறு. பன்னிக்கு இந்த ரெண்டுல ஒண்ணு இருந்தாத்தான் நான் துப்பாக்கியைத் தொடுவேன்.

விதை, உரம், மோட்டார், கல்யாணப் புடவை எல்லாத்துக்கும் எங்களுக்குப் பொள்ளாச்சியும் கோயமுத்தூரும்தான். தோட்டாவுக்கு மட்டும் முடியாது. என் லைசென்ஸ் கேரளாவுக்குள்ள மட்டும்தான் செல்லும். கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டைத் துப்பாக்கியோட தாண்டினா நான் குற்றவாளி.

அதனால குதிரான் சுரங்கம் தாண்டித் திருச்சூர். அங்கே எல்.ஜி. இருந்தது! பெட்டியைக் கையில கொடுத்தார். திருப்பிப் பார்த்தா 70 மி.மீ. வெச்சுட்டேன்.

எங்களது அப்பாரு காலத்து இங்கிலீஷ் ரெட்டைக்குழல். குழலைக் கழட்டிக் கவுத்துப் பார்த்தா, அடியில சேம்பர் (தோட்டா உட்கார்ற இடம்) நீளம் ரெண்டரை அங்குலம்னு செதுக்கியிருக்கும். அது 65 மி.மீ. தோட்டாவுக்கானது. கூட வந்த பக்கத்துத் தோட்டத்து அண்ணன், "உள்ளே போகுதில்ல தம்பி, அப்புறம் என்ன?"ன்னார். உள்ளே போகும், அதுதான் ஆபத்தே. வெடிக்காத தோட்டாவோட வாய் மடிஞ்சிருக்கும், அதனால குட்டையா இருக்கும். 70ங்கிறது வெடிச்சு வாய் விரிஞ்ச பிறகு உள்ள நீளம். 65 சேம்பர்ல அந்த வாய் விரிய இடமிருக்காது, குழல் குறுகற இடத்துல போய் நெரியும். அழுத்தம் தாறுமாறா ஏறும். குழல் பிளந்தா முதல்ல போறது அதைத் தாங்கிப் பிடிச்சிருக்கிற இடது கை. தட்டுப்பாட்டுக் காலத்துல கிடைச்சதை வாங்கிப் போடறவங்க இதை ஒரு தடவை யோசிக்கணும். உங்க வீட்டுப் பழைய துப்பாக்கியையும் இன்னைக்கே கழட்டிப் பாருங்க.

வர்ற வழியில இன்னொருத்தர், லைசென்ஸ்ல பதிவே இல்லாம ஒரு டஜன் தர ஆளிருக்குன்னார். வேண்டாம்னுட்டேன். எத்தனை வாங்கினோம், என்னைக்கு, எந்தக் கடையிலன்னு லைசென்ஸ்ல ஏறணும். ஒரு நேரத்துல எத்தனை வெச்சுக்கலாம், வருஷத்துக்கு எத்தனை வாங்கலாம்கிறதும் அதிலேயே எழுதியிருக்கு. அப்பா கையெழுத்து உள்ள பழைய லைசென்ஸ் புத்தகத்துல ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது.

சனிக்கிழமை ராத்திரி கூட்டம் வந்தது. மரத்துல கட்டின பரண்ல நான், கீழே டார்ச்சோட பையன். பெரிய ஆண் பன்னி ஒண்ணு, முப்பதடிக்குள்ள, பின்னாடி வெறும் வரப்பு மேடு. இதைவிட நல்ல வாகு கிடைக்காது. விசையை இழுத்தேன். டிக்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான்.

உடனே திறக்கக் கூடாது. சில சமயம் மருந்து தாமதமாப் பத்தும். குழலை ஆளில்லாத பக்கம் மண்ணைப் பார்க்கப் பிடிச்சு, மனசுக்குள்ள அறுபது எண்ணினேன். பையனை அசையாதேன்னுட்டேன். எண்ணி முடிக்கிறதுக்குள்ள கூட்டம் ஓடை தாண்டிப் போயிடுச்சு. திறந்து பார்த்தா தோட்டாவோட அடியில இருக்கிற கேப்புல ஊசி குத்தின பள்ளம் நல்லா ஆழமா விழுந்திருக்கு. மருந்துதான் செத்துப்போச்சு. மீதி மூணையும் இனி நம்ப முடியாது. நாலையும் தனி டப்பாவுல போட்டு, பழசுன்னு எழுதி வெச்சுட்டேன்.

இன்னைக்குக் காலையில திருச்சூர்க்காரர் கூப்பிட்டார். 65 எஸ்.ஜி. வந்திருக்காம், ஆளுக்குப் பத்துதான் தருவாராம். திங்கட்கிழமை முதல் பஸ்ஸுல கிளம்பறேன். கிழங்கு பறிக்க இன்னும் மூணு வாரம் இருக்கு.