காற்றுக்குப் பாட்டு லிஸ்ட் கேட்டார்கள்

பூங்காவில் இசை நிறுவல் (இன்ஸ்டலேஷன்) வைக்க ஆசைப்படுகிறவர்கள் சென்சாருக்கும் கோடிங்குக்கும் பயப்பட வேண்டாம். சென்னை ரிச்சி தெருவில் எலக்ட்ரானிக்ஸ் பொருள் வாங்கி, ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் ப்யூர் டேட்டா என்ற ஒலி மென்பொருளை ஏற்றி, காற்றின் வேகத்துக்கும் ஆள் நடமாட்டத்துக்கும் ஏற்ப மோகன ராகத்தின் ஐந்து சுரங்கள் ஒலிக்கும்படி செய்தாயிற்று. மோகனத்தில் எந்தச் சுரம் எதன்மேல் விழுந்தாலும் காதை உறுத்தாது.

படுத்தியது அனுமதிதான். ஸ்பீக்கர் இருப்பதால் போலீஸ் அனுமதி வேண்டுமாம். ஸ்டேஷனுக்குப் போனால் அங்கிருந்த போலீஸ்காரர், "என்ன பாட்டு போடுவீங்க? லிஸ்ட் எழுதிக் குடுங்க."

"பாட்டு இல்லை சார். காத்து அடிச்சா சத்தம் வரும்."

"அடிக்கலைன்னா?"

"வராது சார்."

"அப்ப எதுக்குப் பர்மிஷன்?"

நியாயமான கேள்விதான்! ஆனாலும் லிஸ்ட் இல்லாத மனுவைக் கையில் வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார். மறுபடி போனால் அவர் லீவு.

கடைசியில் மனுவையே மாற்றி எழுதினேன். கலை, நிறுவல், இன்டராக்டிவ் எல்லாம் அவுட். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளைச் சொல்லி, குடியிருப்புப் பகுதிக்கான பகல் வரம்பான 55 டெசிபலைத் தாண்டாது, இரவு 10 முதல் காலை 6 வரை தானே அணைந்திருக்கும் என்று எழுதினேன். பாட்டு விவரம் என்ற இடத்தில் "ச ரி க ப த". முத்திரை விழுந்துவிட்டது.

அடுத்து வெயில். பிஐஆர் சென்சார் சுற்றுப்புறத்துக்கும் உடம்புக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்கும். சென்னையில் மே மாத மதியத்தில் அந்த வித்தியாசத்துக்கு எங்கே போவது? எதிரில் ஆள் நின்றாலும் கம்மென்று இருந்தது. ஒலியை அனுப்பி அதன் எதிரொலியை வைத்து சுமார் 4 மீட்டர் வரை பார்க்கும் அல்ட்ராசோனிக் சென்சார் போட்ட பிறகுதான் உயிர் வந்தது. அதன் எக்கோ முனை 5 வோல்ட் தரும், ராஸ்பெர்ரி பை 3.3 வோல்ட்தான் தாங்கும். வோல்டைக் குறைக்க நடுவே இரண்டு ரெசிஸ்டர் போட மறக்காதீர்கள்.

சுற்றுச் சத்தத்துக்கு ஏற்ப ஒலியைக் கூட்டிக் குறைக்க மைக் வைப்பவர்கள் கவனம்: அது உங்கள் ஸ்பீக்கரையே கூட்டம் என்று நம்பி ஒலியை ஏற்றிக்கொண்டே போகும். சுரம் அடங்கிய இடைவெளியில் மட்டும் அளக்கச் சொல்லுங்கள். கரண்ட் போனால் ராஸ்பெர்ரி பையின் எஸ்டி கார்டு கெடும், அதனால் கார்டில் எதுவும் எழுதாத ரீட் ஒன்லி முறையில் ஓடவிடுங்கள்.

அனுமதிக் கடிதத்தின் நகலைப் பெட்டிக்குள்ளேயே ஒட்டி வையுங்கள். ரோந்து வந்தவர் முதல் நாளே கேட்டார். அவரும் லிஸ்டைத்தான் முதலில் பார்த்தார்.