கார்டு கழற்றிய கிரைண்டர்

காங்கேயம், தாராபுரம் பக்கம் ரோடு வேலைகளில் சூப்பர்வைசராக இருந்திருக்கிறேன். ஜேசிபி, ரோலர் வந்தால் ஆட்கள் தானாக விலகிக்கொள்வார்கள். கையில் பிடிக்கிற மெஷினுக்கு அந்தப் பயம் யாருக்கும் கிடையாது. நான் பார்த்த வரைக்கும் விரல் போனதெல்லாம் கல்வெர்ட்டுக்கு, அதாவது ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகிற சின்னப் பாலத்துக்கு, கம்பி வெட்டுகிற இடத்தில்தான்.

கம்பி வெட்டுவது கிரைண்டரில், சுழல்கிற டிஸ்க் மாட்டிய கை மெஷின் அது. நாலு இஞ்ச் கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று ஓடும். ஏழு இஞ்ச் டிஸ்கின் மேல் 8,500 வரைதான் தாங்கும் என்று அச்சடித்திருக்கும். அதைச் சின்ன மெஷினில் மாட்ட வேண்டுமானால் கார்டை, அதாவது டிஸ்கை மறைக்கிற பாதுகாப்பு மூடியை, கழற்றியாக வேண்டும். அப்புறம் டிஸ்க் கம்பியில் இறுகினால் மெஷின் உதறிக்கொண்டு ஆள் மேலேயே திரும்பும். உடைந்தால் துண்டுகள் முகத்துக்குத்தான் வரும்.

விபத்து ரிப்போர்ட்டில் "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று எழுதும்போது எனக்குக் கோபம் வரும். கம்பி வேலையில் ஊறிய ஒரு அண்ணனிடம் கார்டு எங்கே என்று கேட்டேன். "ஸ்டோர்ல சின்ன டிஸ்க்கு இல்லீங்க தம்பி. விடியறதுக்குள்ள முடிக்கோணும்னு சொல்லிப்போட்டாங்க, இருக்கறத வெச்சுத்தானுங்க வெட்டோணும்" என்றார். வேலையை நிறுத்தச் சொல்லி மேலே பேசினேன், நடக்கவில்லை. அந்த வாரமே அவருடைய ஆள்காட்டி விரல் போய்விட்டது.

துண்டான விரலை ஐஸில் நேராகப் போட்டுக் கொண்டுபோனார்கள். அது கூடாது. ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரைத்தான் ஐஸில் வைக்க வேண்டும். கையறுவைக்குப் பேர்போன கங்கா மருத்துவமனை கோவையில் இருக்கிறது. விரல் கெடாமல் போய்ச் சேர்ந்தால்தான் எந்த டாக்டராலும் ஒட்டவைக்க முடியும்.

1923-ஆம் வருட இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவீதம் இழப்பு, கட்டைவிரலுக்கு 30 என்று கணக்குப் போட்டது. கொக்கி பிடித்துக் கம்பி கட்டுகிறவருக்கு அந்த விரல்தான் தொழிலே. அவர் இப்போது கொடி பிடித்து வண்டிகளைத் திருப்பிவிடுகிறார், குறைந்த கூலிக்கு.

ரோட்டை உடைக்கிற பிரேக்கர் மெஷின் பிடிக்கிறவர்களுக்கு ரத்தமே வராது. அதிர்வில் விரல்கள் வருடக்கணக்கில் மரத்து, குளிரில் வெளுத்துப்போகும். அதை யாரும் விபத்தில் சேர்ப்பதில்லை.

புதிதாக வருகிற சூப்பர்வைசர் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான்: ராத்திரி ஷிஃப்டுக்கு முன்னால் ஸ்டோருக்குப் போய் எந்த அளவு டிஸ்க் இருக்கிறது என்று பாருங்கள். சரியானது இல்லையென்றால் அன்றைக்குக் கம்பி வெட்டு வேண்டாம். ரோடு ஒருநாள் தள்ளித் திறக்கட்டும்.