கப்பலுக்கு உரிமையாளர் உண்டு, லஞ்ச் சீட்டுக்கு யார்?

தென்மேல் பருவக்காற்று வீசத் தொடங்கிவிட்டால், கொழும்பின் வெள்ளவத்தைக் கரையில் வசிப்பவர்கள் மழையோடு குப்பையையும் எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. ரயில் பாதையைக் கடலரிப்பிலிருந்து காப்பதற்காகப் போடப்பட்ட கருங்கற்களின் இடுக்குகளில் பிளாஸ்டிக் போத்தல்களும் பொலித்தீன் பைகளும் ஒற்றைச் செருப்புகளும் செருகிக் கிடக்கும். மணற்கரை என்றால் வாரி அள்ளிவிடலாம். இந்தக் கற்களுக்கிடையே கை போகாது. அடுத்த அலை அவற்றில் பாதியை மீண்டும் கடலுக்கே எடுத்துச் செல்லும்.

அரசு சும்மா இருந்தது என்று சொல்வது நியாயமாகாது. 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கடல் மாசுபடுவதைத் தடுப்பதற்கென்றே தனியாக ஓர் அதிகார சபை இயங்குகிறது. 2017 ஏப்ரலில் கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததைத் தொடர்ந்து, அதே ஆண்டு செப்டெம்பரில் லஞ்ச் சீட்டுக்கு, அதாவது சோற்றுப் பார்சல் கட்டும் மெல்லிய பொலித்தீன் தாளுக்கு, தடை வந்தது. 2021இல் சிறிய சஷே பைக்கற்றுகளும், 2023 ஒக்டோபரில் ஸ்ட்ரோ, யோகட் கரண்டி, பிளாஸ்டிக் மாலை, இடியப்பத் தட்டு ஆகியவையும் தடைப் பட்டியலில் சேர்ந்தன. 2025 நவம்பர் முதல் கடைகளில் சொப்பிங் பையை இலவசமாகக் கொடுக்கக்கூடாது என்ற விதியும் நடைமுறைக்கு வந்தது. வர்த்தமானியை மட்டும் படிப்பவர் எங்கள் கடல் கண்ணாடிபோல் இருக்கும் என்று நினைத்துக்கொள்வார். ஆனால் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் மதியச் சோற்றுப் பார்சலைப் பிரித்தால் உள்ளே பெரும்பாலும் ஒரு மெல்லிய தாள் பளபளக்கிறது. கேட்டால் அது மக்கிப் போகும் வகை என்று கடைக்காரர் சொல்வார். அதைச் சோதித்துப் பார்க்க வாங்குபவரிடம் என்ன வழி இருக்கிறது?

அந்தத் தாள் கடலுக்குப் போகும் பாதையில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது என்பது என் எண்ணம். தெருவோர வடிகான் மாநகர சபையின் பொறுப்பு; வடிகான் சென்று சேரும் கால்வாய் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் பராமரிப்பில் இருக்கிறது; கடற்கரை கரையோரம் பேணல் திணைக்களத்துக்கும், கடல்நீர் கடல் சூழல் பாதுகாப்பு அதிகார சபைக்கும் உரியவை. குப்பைக்கோ இந்த எல்லைகள் எதுவும் தெரியாது. நகரின் கால்வாய்கள் முகத்துவாரம், வெள்ளவத்தை, தெகிவளை ஆகிய மூன்று இடங்களில் கடலில் கலக்கின்றன. வடக்கே களனி கங்கை தனியாகத் தன் பங்கைக் கொண்டுவருகிறது. கடலைத் தொடுவதற்குமுன் குப்பையை ஒரே இடத்தில் மறிக்கக்கூடிய வாய்ப்பு இந்தச் சில வாய்களில்தான் உண்டு. தெகிவளைக் கால்வாயில் மிதக்கும் தடுப்பு வைக்கப்பட்டது அதனால்தான். தடுப்பை வைப்பது எளிது, அதில் சேர்வதை நாள் தவறாமல் அள்ள ஆளும் வாகனமும் ஒதுக்குவதுதான் கடினம். அள்ளாத தடுப்பு பெருமழை பெய்யும் ஓர் இரவில் மொத்தத்தையும் கடலில் கொட்டிவிடும். செப்டெம்பர் மூன்றாம் சனிக்கிழமை தொப்பி அணிந்து கரையைச் சுத்தம் செய்யும் நிகழ்வுகளுக்குக் கிடைக்கும் கவனத்தில் கால்வாசியாவது இந்த அன்றாட வேலைக்குக் கிடைக்கலாம்.

எக்ஸ்பிரஸ் பேர்ள் விடயத்தில் அரசு நடந்துகொண்ட விதம் வேறு. 2021 மே மாதம் கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் தீப்பற்றிய அந்தக் கொள்கலன் கப்பலிலிருந்து ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கொட்டின. அவை சரக்குவ, பமுனுகம கரைகளில் வெண்பனிபோல் படிந்தபோது, கடற்படையினரும் அதிகார சபை ஊழியர்களும் மணலைச் சல்லடையில் சலித்துச் சலித்துப் பிரித்தெடுத்தார்கள். மீன்பிடிக்குத் தடை வந்ததால் நீர்கொழும்பு முதல் களுத்துறை வரை வள்ளங்கள் கரையேறின. கடலுக்குப் போனவர்களின் மீனையும் சந்தையில் வாங்க ஆளில்லை. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பு 100 கோடி அமெரிக்க டொலர் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கப்பல் நிறுவனம் அதைச் செலுத்த மறுத்திருக்கிறது. பணம் எப்போது வரும் என்பது ஒருபுறம் இருக்க, வழக்குப் போடுவதற்கு ஒரு பெயரும் முகவரியும் இருந்தன அல்லவா?

கால்வாயில் மிதந்துவரும் தாளுக்கு அப்படி யாரும் இல்லை. அதனால் இழப்பு முழுவதும் கரைவலை இழுப்பவர் தலையில்தான் விழுகிறது. வலையில் மீனோடு சிக்கிய பொலித்தீனைப் பிரிக்கச் செலவாகும் நேரத்துக்கும் கிழிந்த வலைக்கும் யாரும் இழப்பீடு தருவதில்லை. அந்தத் தாளையும் போத்தலையும் உற்பத்தி செய்பவர்களிடமும் இறக்குமதி செய்பவர்களிடமும் ஒரு கட்டணத்தை வசூலித்து, மூன்று கால்வாய் வாய்களிலும் குப்பை அள்ளும் வேலைக்கு மட்டும் என்று அதை ஒதுக்க வேண்டும். அள்ளும் பொறுப்பையும் நான்கு அலுவலகங்களுக்குப் பிரித்துக் கொடுக்காமல் ஒன்றிடமே விடலாம். அந்த வேலைக்குக் கரையோரக் குடும்பங்களிலிருந்தே ஆட்களைச் சம்பளத்துக்கு எடுத்தால், கடலுக்குப் போக முடியாத பருவக்காற்று மாதங்களில் அவர்களுக்கும் ஒரு வருமானம் இருக்கும்.