தாத்தா வீட்டு உத்திரம்

போன தை மாதம் காவேரிப்பட்டணத்தில் தாத்தா கட்டிய வீட்டை இடித்தோம். இடிக்க வந்த அண்ணன் ஒரு சுற்று சுற்றி வந்து அங்கேயே விலை சொல்லிவிட்டார், தேக்கு நிலைக்கு இவ்வளவு, கல் தூணுக்கு இவ்வளவு, செங்கல் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று. பழைய சுவர் சுண்ணாம்புக் காரை, செங்கல் முழுசாகக் கழன்று வரும், தட்டி அடுக்கினால் மறுபடி கட்டலாம். அப்பா பிற்பாடு சிமென்ட் வைத்துக் கட்டிய சமையலறைச் சுவர் உடைசலுக்குத்தான். அதெல்லாம் சரி. கூடத்துக்கு மேலே கிடந்த நாலு இரும்பு உத்திரத்தைக் காட்டினேன். "அது கிலோ கணக்கு தம்பி" என்று முடித்துவிட்டார்.

துருவே பிடிக்காத இரும்பு, மனசு கேட்கவில்லை. புது வீட்டு மாடிப்படிக்கு ஆகுமா என்று எஞ்சினியரிடம் கேட்டேன். "என்ன கிரேடு, டெஸ்ட் சர்டிபிகேட் இருக்கா சார்?" தாத்தாவே இல்லை, சர்டிபிகேட்டுக்கு எங்கே போவது? பெயிண்டைச் சுரண்டினால் மில் பெயர் பாதி புடைத்துத் தெரிந்தது, அதை வைத்து பலம் சொல்ல முடியாதாம். ஒரு துண்டு வெட்டி லேபில் இழுத்துப் பார்க்கலாம், நாலு உத்திரத்துக்கு அந்தச் செலவு கட்டாது. கோபம் வந்தாலும் அவர் சொன்னதில் தப்பில்லை, தலைக்கு மேலே நிற்கிற சாமான். கிலோவுக்கே போட்டோம்.

அப்புறம்தான் 'மெட்டீரியல் பாஸ்போர்ட்' பற்றித் தேடிப் படித்தேன், கட்டடத்தில் இருக்கிற பொருள் ஒவ்வொன்றும் என்ன, ஏது என்று எழுதி வைக்கிற பதிவு. நெதர்லாந்தில் 2017இல் வந்த மடாஸ்டர் இதற்கான இணையதளம். கட்டடத்தின் முப்பரிமாண மாடலை ஏற்றினால் எந்தப் பொருள், எவ்வளவு, எங்கே இருக்கிறது என்று கணக்கு வைத்துக்கொள்கிறது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான கட்டடக் கலைஞர் தாமஸ் ராவ், அடையாளம் தொலைத்த பொருளைத்தான் குப்பை என்கிறோம் என்ற பொருளில் பேசுவார். என் உத்திரத்துக்கு நடந்தது அதேதான். ஐரோப்பிய யூனியன் 2024இல் கொண்டுவந்த கட்டுமானப் பொருள் சட்டத்திலும் டிஜிட்டல் பாஸ்போர்ட் உண்டு. இங்கே 2026 ஏப்ரலில் இருந்து இடிபாட்டுக் கழிவுக்குப் புது விதிகள், ஆன்லைன் பதிவு எல்லாம் இருக்கிறது. ஆனால் அந்தக் கழிவுக்காகக் கட்டுகிறவர் மேல் வரும் பொறுப்பு 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு. நம் 1,200 சதுர அடி அதில் எங்கே வரப்போகிறது!

நாமே பொருள் மேல் கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டி விவரத்தை ஆன்லைனில் வைக்கலாம்தான், ஆனால் அதில் எனக்கு நம்பிக்கையில்லை. ஒரு தீபாவளிக்கு வெள்ளையடித்தால் போச்சு. ஸ்டிக்கர் தப்பினாலும் ஐம்பது வருஷம் கழித்து அந்த சர்வர் இருக்க வேண்டுமே, என்னுடைய முதல் ஈமெயிலையே இப்போது திறக்க முடியவில்லை.

அதனால் மாடிப்படிக்குப் புது உத்திரம் வாங்கும்போது டெஸ்ட் சர்டிபிகேட் கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், இரண்டு நாள் கழித்துத்தான் வாட்ஸாப்பில் வந்தது. அதில் ஹீட் நம்பர் என்று ஒன்று இருக்கும், உருக்கு ஆலையில் எந்த வார்ப்பில் வந்த இரும்பு என்பதற்கான எண், தரம் கண்டுபிடிக்க அதுதான் பிடி. வெல்டிங் கடைக்காரரிடம் அந்த எண்ணை உத்திரத்தின் முனையில் நம்பர் பஞ்ச் வைத்து அடிக்கச் சொன்னேன், இணைப்புக்கு வெல்டிங் வேண்டாம், போல்ட் போதும் என்றேன். நம்பர் இருந்தும் கழற்ற முடியாவிட்டால் மறுபடி கிலோ கணக்குதானே. "யாரு சார் கழட்டப் போறா?" என்று சிரித்துக்கொண்டே செய்து கொடுத்தார். சர்டிபிகேட்டை பிரிண்ட் எடுத்து வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் வைத்தாயிற்று.

நேற்று பெயிண்டர் நம்பர் மேலேயே இரண்டு கோட் அடித்துவிட்டார். விரல் வைத்துத் தடவினேன், தட்டுப்படுகிறது.