செலஸ்ட் கிளாசிக்: ஆடியவர்கள் சொல்வதும் நிரல் சொல்வதும்

"டேஷ் அமுக்கினேன், ஆள் நகரவே இல்லை." செலஸ்ட் கிளாசிக் என்ற சின்ன கணினி கேமைப் புதிதாக ஆடுகிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் குறை இது. டேஷ் என்றால் ஒரு திசையில் சட்டென்று பாய்வது. பழகியவர்கள், "கை இன்னும் பழகவில்லை, ஆடிக்கொண்டே இரு, வந்துவிடும்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். குறை சொல்பவருக்கு என்ன நடந்தது என்று அந்தப் பதிலில் எதுவும் தெரிவதில்லை. இத்தனைக்கும் இந்த கேமின் நிரல் முழுவதும் எல்லோர் கண்ணுக்கும் திறந்து கிடக்கிறது. ஆடுபவர்கள் சொல்லும் ஒவ்வொன்றையும் அதோடு ஒத்துப் பார்க்கலாம். அப்படிப் பார்த்தால், குறைகளில் பெரும்பாலானவை உண்மையான ஓர் எண்ணில் போய் நிற்கின்றன.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: மேடி தார்சனும் நோயல் பெரியும் 2015-இல் நான்கு நாட்களில் செய்த கேம் இது. பிக்கோ-8 என்ற கற்பனைக் கன்சோலில், அதாவது மென்பொருளாக மட்டுமே இருக்கும் பழைய பாணி கேம் கருவியில், ஓடும். 128க்கு 128 பிக்சல் திரை, 16 நிறங்கள், நொடிக்கு 30 ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து மாறும் படம்). அறை அறையாக ஒரு மலையில் ஏற வேண்டும். ஓட்டம், ஜம்ப், சுவரில் உதைத்து ஜம்ப், காற்றில் ஒரு டேஷ், அவ்வளவுதான். 2018 ஜனவரியில் வந்த பெரிய செலஸ்ட் இதிலிருந்து வளர்ந்தது. அந்தப் பெரிய கேமுக்குள்ளும் இந்தச் சின்னது ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. பிரவுசரில் இலவசமாக ஆடலாம். ஜம்ப்புக்கு சி அல்லது இசட், டேஷுக்கு எக்ஸ்.

இப்போது அந்த டேஷ் குறை. டேஷ் பட்டனை அமுக்கும் அதே ஃபிரேமில் எந்த அம்புக்குறி அழுந்தியிருக்கிறதோ அதுதான் திசை. பக்கவாட்டிலோ நேர் மேலேயோ என்றால் தொடக்க வேகம் ஃபிரேமுக்கு 5 பிக்சல். சாய்வாக என்றால் இரண்டு அச்சிலும் தலா ஏறத்தாழ 3.5. எந்த அம்புக்குறியும் அழுந்தியிருக்கவில்லை என்றால் வேகம் வெறும் 1. ஓடும் வேகமும் 1தான்! அதனால்தான் ஆள் நகராதது போலத் தெரிகிறது. டேஷ் செலவாகிவிட்டது, தலைமுடி நீலமாகிவிட்டது, ஆள் பள்ளத்தில் போகிறாள்.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. டேஷ் தொடங்கியதும் கேம் இரண்டு ஃபிரேம் உறைந்து நிற்கும். அடி விழுந்த கனம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக வைத்தது. ஆனால் திசை அதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. உறைந்திருக்கும் நேரத்தில் அம்புக்குறியை அமுக்கிப் பயனில்லை. 2018 செலஸ்டில் வரிசை நேர்மாறு: முதலில் உறைதல், பிறகு திசை. பெரிய கேமை ஆடிவிட்டு இங்கே வருபவர்களின் டேஷ் தப்புவதற்கு இதுவே முக்கியக் காரணம் என்பேன். விரல் ஒரு ஃபிரேம் பிந்திப் பழகியிருக்கிறது. அதே ஒரு ஃபிரேம் பிந்தினால் சாய்வு டேஷும் கெடும். வலதும் மேலும் சேர்ந்து அழுந்தாமல் வலது மட்டும் முந்தினால் நேராகப் போய் முள்ளில் முட்டுவாள். வழி எளிது. திசையை முதலில் பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு எக்ஸை அமுக்குங்கள். காற்றில் ஏறும்போதே பிடித்துவிடலாம். அம்புக்குறியை முன்னதாகப் பிடிப்பதில் எந்த நஷ்டமும் இல்லை.

"ஜம்ப் அருமையாக இருக்கிறது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஏன் என்று கேட்டால் "ஸ்மூத்தா இருக்கு" என்பதோடு நின்றுவிடுகிறது. காரணம் இரண்டு சின்ன எண்கள். தரையில் நிற்கும்வரை ஓர் எண்ணில் 6 ஏற்றி வைக்கப்படுகிறது. விளிம்பைத் தாண்டியதும் ஃபிரேமுக்கு ஒன்றாகக் குறையும். அது பூஜ்யம் ஆவதற்குள் ஜம்ப் அமுக்கினால் தரையில் நிற்பதாகவே கணக்கு. ஆக விளிம்பைத் தாண்டி ஐந்து ஃபிரேம்வரை, அதாவது நொடியில் ஆறில் ஒரு பங்கு, மன்னிப்பு உண்டு. மறுபுறம், தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னதாக ஜம்ப்பை அமுக்கிவிட்டாலும் அந்த அமுக்கல் மூன்று ஃபிரேம் நினைவில் இருக்கும். கால் பட்டதும் தானாகக் குதிப்பாள். பிந்தினாலும் மன்னிப்பு, முந்தினாலும் மன்னிப்பு. கேம் கஷ்டமாக இருந்தும் கை மீது கோபம் வராததற்கு இதுதான் அடிப்படை.

"ஜம்ப் உயரத்தைக் கட்டுப்படுத்த முடியவில்லை" என்பது சரியான குறை. பட்டனைத் தட்டினாலும் சரி, பிடித்துக்கொண்டிருந்தாலும் சரி, உயரம் ஒன்றே. தொடக்க வேகம் 2, ஈர்ப்பு ஃபிரேமுக்கு 0.21; கூட்டிப் பார்த்தால் சுமார் பத்தரை பிக்சல் ஏறும். ஒரு கட்டம் 8 பிக்சல். ஆக ஒரு கட்டம் உயரம் தாராளமாக ஏறலாம், இரண்டு கட்டம் முடியாது. இதை ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டால் அறையைப் பார்த்ததுமே எங்கே ஜம்ப் போதும், எங்கே டேஷ் வேண்டும் என்று எண்ணிவிடலாம். பெரிய செலஸ்டில் பட்டனை விட்டால் ஜம்ப் குறையும், சுவரைப் பிடித்துத் தொங்கலாம். இங்கே இரண்டும் இல்லை. சுவர்ப் பக்கம் அம்புக்குறியை அழுத்தினால் மெதுவாக வழுக்குவாள், ஃபிரேமுக்கு 0.4 பிக்சல். பனிச் சுவரில் அந்த வழுக்கலும் கிடையாது.

சுவர் ஜம்ப்தான் கருத்துகள் அதிகம் பிளவுபடும் இடம். சிலருக்கு அது "தாராளம்", சிலருக்கு "கை கட்டிப்போட்டது மாதிரி". இரண்டு தரப்பும் சரி. சுவரை ஒட்டியிருக்கக்கூட வேண்டாம். இரண்டு பிக்சல் தள்ளி இருந்தாலும் உதை விழும். அது தாராளம். ஆனால் உதைத்ததும் சுவருக்கு எதிர்ப்பக்கம் வேகம் 2 ஆகிறது, ஓட்டத்தின் உச்ச வேகமோ 1. வேகம் 1-க்கு மேல் இருக்கும்வரை அம்புக்குறியை நிரல் பார்ப்பதே இல்லை. ஃபிரேமுக்கு 0.15 வீதம் அது தானாகக் குறைய வேண்டும். 2-லிருந்து 1-க்கு வர ஏழு ஃபிரேம் ஆகும், கால் நொடிக்குச் சற்றுக் குறைவு. அந்த நேரம் முழுக்க நீங்கள் திரும்பு திரும்பு என்று அமுக்கினாலும் ஆள் கேட்கமாட்டாள். கை கட்டிப்போட்டது போல என்று சொன்னவர் மிகச் சரியாகவே சொல்லியிருக்கிறார்.

என்ன செய்யலாம்? ஒரே சுவரில் திரும்பத் திரும்ப உதைத்து ஏறும்போது அவசரப்பட்டு எதிர்த் திசையை அமுக்குவதில் பலன் இல்லை. உதைத்த பிறகு டேஷ் அடித்தால் இந்தப் பூட்டு உடையும், ஏனென்றால் டேஷ் வேகத்தையே புதிதாக எழுதிவிடுகிறது. குறுகிய கிணறு போன்ற இடங்களில் எதிர்ச் சுவர் பக்கத்திலேயே இருக்கும். அங்கே இந்த ஏழு ஃபிரேம் நமக்குத்தான் சாதகம், அம்புக்குறியைத் தொடாமலே ஜம்ப்பை மட்டும் தட்டித் தட்டி ஏறலாம்.

"முள் அநியாயம்" என்ற குறையை மட்டும் ஏற்க முடியவில்லை. எண்கள் எல்லாம் ஆடுபவர் பக்கம்தான் சாய்ந்திருக்கின்றன. ஆளின் உருவம் 8க்கு 8, மோதலுக்கு எடுத்துக்கொள்ளும் பெட்டி 6க்கு 5. இருபுறமும் தலா ஒரு பிக்சலும் தலையில் மூன்று பிக்சலும் கணக்கிலேயே இல்லை. மேல்நோக்கிய முள்ளில் கட்டத்தின் அடி இரண்டு பிக்சலுக்குள் கால் இறங்கினால்தான் சாவு. அதுவும் கீழே விழும்போதோ கிடையாக நகரும்போதோதான். மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது அதே முள்ளின் ஊடாகவே போய்விடலாம்! பக்கவாட்டு முள்ளுக்கும் இதே விதி: அதை விட்டு விலகும் திசையில் வேகம் இருந்தால் ஒன்றும் ஆகாது. முள்ளுக்கு நடுவிலிருந்து மேல்நோக்கி டேஷ் அடித்துத் தப்புவது இந்த விதியால்தான். செத்தாலும் 15 ஃபிரேமில், அரை நொடியில், அதே அறை மீண்டும் தொடங்கிவிடும். உயிர் எண்ணிக்கை கிடையாது. பழைய கன்சோல்களின் காலத்தில் இந்தத் தாராளம் அரிது. "அந்தக் காலத்து கேம் மாதிரி" என்று இதைச் சொல்வது தோற்றத்தை வைத்துத்தான். உள்ளே ஓடும் விதிகள் புதியவை.

"ஸ்பிரிங் வேகத்தைக் கெடுக்கிறது" என்ற குறையில் நியாயம் இருக்கிறது. அது மேலே 3 வேகத்தில் எறியும், டேஷையும் திருப்பித் தரும், ஆனால் பக்கவாட்டு வேகத்தை ஐந்தில் ஒரு பங்காக வெட்டிவிடும். ஓடி வந்து மிதித்து அதே வேகத்தில் பறக்கலாம் என்று எதிர்பார்த்தால் நேராகத்தான் எழும்புவாள். பலூன் அப்படியில்லை, நன்றாக யோசித்துச் செய்தது. டேஷ் கையில் இருக்கும்போது பலூனைத் தொட்டால் அது உடையாது. செலவழித்துவிட்டு வந்தால் மட்டுமே உடைந்து நிரப்பும், இரண்டு நொடியில் மீண்டும் முளைக்கும். உதிரும் தரை மிதித்த அரை நொடியில் மறையும், அதுவும் இரண்டு நொடியில் திரும்பும்.

அறைகளில் சேகரிக்கக் கிடைக்கும் ஸ்ட்ராபெர்ரி மொத்தம் 18. இதில் பலருக்குத் தெரியாத சலுகை ஒன்று: தொட்ட கணத்திலேயே அது உங்கள் கணக்கில் சேர்ந்துவிடும். பெரிய செலஸ்டில் தரையில் பத்திரமாக இறங்கினால்தான் சேரும், இங்கே தொட்டுவிட்டுச் செத்தாலும் உங்களுடையதே. திரும்பி வரும் வழியை யோசிக்காமல் பாய்ந்துவிடலாம். தொட்டால் டேஷும் நிரம்பும். சிறகு முளைத்த ஸ்ட்ராபெர்ரி மட்டும் வேறு. அந்த அறையில் ஒரு டேஷ் அடித்தால் போதும், பறந்துவிடும். அதைத் தொடும்வரை ஜம்ப்பை மட்டும் வைத்தே போக வேண்டும்.

"ரொம்பச் சின்னது" என்பதற்கு வருவோம். பழகிய கை சில நிமிடங்களில் முடித்துவிடும், உண்மைதான். ஆனால் நீளத்தைத் தீர்மானித்ததில் பிக்கோ-8-இன் நினைவகத்துக்கும் பங்கு உண்டு. வரைபடத்துக்கு அது தரும் இடம் 128க்கு 64 கட்டங்கள். ஓர் அறை 16க்கு 16. குறுக்கே எட்டு, நெடுக்கே நான்கு, மொத்தம் 32 அறைகள். 100 மீட்டரிலிருந்து 3000 மீட்டர்வரை 30 அறைகள், உச்சி ஒன்று, தலைப்புத் திரை ஒன்று. கணக்கு முடிந்தது, ஓர் அறைக்குக்கூட மிச்சமில்லை. அந்த 64 வரிசையிலும் கீழ்ப் பாதி, படங்கள் வைக்கும் இடத்தோடு பங்கு போடுவது. முழு வரைபடத்தையும் எடுத்துக்கொண்டதால் படங்களுக்கு 128 கட்டங்களே மிஞ்சின. முள், பனி, ஸ்பிரிங், பலூன், ஆள் எல்லாமே அதற்குள். இந்த நெருக்கடியில் ஒவ்வோர் அறையும் ஏதாவது ஒரு புது விஷயம் சொல்கிறது என்பதே எனக்குப் பெரிய மரியாதையைத் தருகிறது. இன்னும் இருபது அறை சேர்த்திருந்தால் கேம் மெலிந்திருக்கும்.

பிக்சல் படம் பற்றி ஒரே ஒரு விஷயம், தலைமுடி. அது ஓவியமே அல்ல. ஐந்து சிறு வட்டங்கள், ஒன்றன் பின் ஒன்றாக, முன்னால் இருப்பதை நோக்கி இழுபடுகின்றன. டேஷ் இருந்தால் சிவப்பு, தீர்ந்தால் நீலம். மலையின் மேல்பகுதியில் பெட்டியைத் திறந்து உருண்டையை எடுத்த பிறகு இரண்டு டேஷ் கிடைக்கும், அப்போது வெள்ளையும் பச்சையுமாக மின்னும். திரை ஓரத்தில் எண்ணோ பட்டையோ இல்லை. பார்வை எங்கே இருக்க வேண்டுமோ அங்கேயே தகவலும் இருக்கிறது.

ஆட்டத்தைக் குறை சொல்வதற்கு முன் கருவியையும் பார்த்துவிடுங்கள். இங்கே ஒரு ஃபிரேம் என்பது 33 மில்லிநொடி. டிவியில் ஆடினால் கேம் மோட் போட்டுவிடுங்கள்; படத்தை மெருகேற்ற டிவி எடுக்கும் நேரமே இரண்டு மூன்று ஃபிரேமைத் தின்றுவிடும். சில மலிவான கீபோர்டுகளில் மேல் அம்பு, பக்க அம்பு, எக்ஸ் மூன்றும் சேர்ந்து பதிவாகாது. அப்படி இருந்தால் சாய்வு டேஷ் ஒரு பக்கம் மட்டும் தொடர்ந்து தப்பும். எக்ஸுக்குப் பதில் வி அல்லது எம் விசையில் டேஷ் அடித்துப் பாருங்கள். பிக்சல்கள் ஒழுங்கற்றுத் தெரிந்தால் உருப்பெருக்கம் முழு எண்ணில் இல்லை என்று பொருள். 768 உயரமுள்ள லேப்டாப்பில் ஆறு மடங்கு சரியாகப் பொருந்தும், 1080-இல் எட்டு மடங்கு போக 56 பிக்சல் மிஞ்சும். இன்னொன்று: சேமிப்பு வசதி இல்லை. டேபை மூடினால் 100 மீட்டரிலிருந்துதான்.

கருத்து எழுதும்போது அறைக்குள் நுழைந்ததும் காட்டும் மீட்டரையும், எந்தத் திசையைப் பிடித்துக்கொண்டு எதை அமுக்கினீர்கள் என்பதையும், கீபோர்டா கன்ட்ரோலரா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பிக்கோ-8 வைத்திருப்பவர்கள் எஸ்கேப்பை இரண்டு தடவை அமுக்கி நிரலுக்குள் போய் நேரடியாகவே சோதிக்கலாம். தரையில் 6 ஏற்றும் வரியில் 1 என்று மாற்றுங்கள். 0 போட்டுவிட வேண்டாம், போட்டால் தரையிலிருந்தே குதிக்க முடியாமல் போகும். ஜம்ப் நினைவுக்கான 4-ஐயும் 1 ஆக்குங்கள். கன்ட்ரோலும் ஆரும் சேர்த்து அமுக்கி ஓடவிட்டு, முதல் மூன்று அறைகளை ஆடுங்கள். உருவம், வேகம், உயரம் எல்லாம் அப்படியேதான் இருக்கும். விளிம்பில் மட்டும் ஆள் விழுந்துகொண்டே இருப்பாள்.