பக் மார்க் வர்றதுக்கு முன்னாடியே சீட்டு முடிஞ்சிடும்: ரெயூனியன்ல இருந்து கணக்கு படிக்கப் போற பசங்களுக்கு

பாண்டியில இருக்குற பெரியப்பா போன் பண்ணா நலம் விசாரிச்ச அடுத்த நிமிஷமே, "தம்பிக்கு எங்க சீட்டு கெடச்சுது, அது ஐஐடி மாதிரியா"ன்னுதான் கேப்பாரு. ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது, வெளக்க ஆரம்பிச்சா அரை மணி நேரம் ஆகும், அதுக்குள்ள அவருக்கு சீரியல் டைம் வந்துடும். இங்க பிரெஞ்சுத் தீவான ரெயூனியன்ல, சேன் தெனியில இருக்குற நம்ம பாண்டிக் குடும்பங்கள்லயும் இதே கேள்விதான் சுத்திட்டு இருக்கு, கோயில்ல பாத்தாலும் கல்யாணத்துல பாத்தாலும் யாராவது ஒரு அத்தை என்னை ஓரமா கூட்டிட்டுப் போய் கேக்குறாங்க. அதான் ஒரேடியா எழுதி வச்சிடலாம்னு.

நான் இங்கயே லெகோந்த் த லீல் லிசேல (லிசேன்னா மேல்நிலைப் பள்ளி) ப்ரெப்பா படிச்சவ, அதாவது பக்குக்கு (நம்ம பிளஸ் டூ மாதிரி) அப்புறம் பெரிய ஸ்கூல்களோட போட்டித் தேர்வுக்குத் தயார் பண்ற ரெண்டு வருஷ வகுப்பு. என் காலத்துல மேல்படிப்புக்கு விண்ணப்பம் போடுற பார்கூர்சூப் வெப்சைட் கெடையாது, அப்போ இருந்தது ஆபெபே, பக்குலயும் எஸ்னு ஒரு சயின்ஸ் பிரிவு இருந்துச்சு, கணக்குல நல்லா இருக்குறவன் கண்ண மூடிட்டு அதுல போயிடுவான். 2018ல பார்கூர்சூப் வந்துச்சு, அதுக்கப்புறம் எஸ், எல் பிரிவெல்லாம் எடுத்துட்டு ஸ்பெஷியாலித்தேன்னு, அவங்கவங்களே தேர்ந்தெடுக்குற பாடமா மாத்திட்டாங்க. தம்பி விண்ணப்பம் போட்டது 2025ல, அதனால ரெண்டு முறையையும் கிட்ட இருந்து பாத்தாச்சு.

ஊர்ல இருக்குறவங்களுக்கு மொதல்ல புரிய வைக்க வேண்டியது, இங்க ப்ரெப்பாவுக்குள்ள நுழையறதுக்கு எக்ஸாமே கெடையாது. அங்க ஜேஈஈ எழுதணும், சிறுசேரியில இருக்குற கணக்கு இன்ஸ்டிட்யூட் சிஎம்ஐக்குப் போகணும்னா அவங்க தனியா வைக்கிற நுழைவுத் தேர்வு எழுதணும், கேள்வித்தாள்ல இருக்குறத போட்டா உள்ள, இல்லன்னா வெளிய. இங்க அந்த மாதிரி எக்ஸாம் ரெண்டு வருஷம் ப்ரெப்பா படிச்சு முடிச்சப்புறம்தான் வருது, அதுக்குப் பேர் கோன்கூர். ப்ரெப்பாவுக்குள்ள சேர்க்குறதுக்கு 2025ல பாத்தது ஃபைல் மட்டும்தான். ப்ரமியேர்ல (நம்ம பதினொண்ணாவது) மூணு ட்ரைமெஸ்டர் மார்க், தெர்மினால்ல (பன்னெண்டாவது) மொத ரெண்டு ட்ரைமெஸ்டர் மார்க், ப்ரமியேர் கடைசியில எழுதுற பக் பிரெஞ்சு மார்க், டீச்சர்ங்க எழுதுற நாலு வரி, புள்ளையே எழுதுற ஒரு மோட்டிவேஷன் லெட்டர், அவ்வளவுதான். பக் எக்ஸாமே ஜூன் நடுவுலதான், ஆனா 2025ல பதில் வர ஆரம்பிச்சது ஜூன் 2. அதாவது தெர்மினால் கடைசியில எழுதுற கணக்கு பக்குல இருபதுக்கு இருபது எடுத்தாலும் அது சீட்டுக்கு உதவாது, பாஸ் ஆகணும், அவ்வளவுதான். பிளஸ் டூ மார்க்க வச்சே வாழ்க்கைய அளந்து பழகுன நம்ம ஆளுங்களுக்கு இது மண்டையில ஏறவே மாட்டேங்குது. "பக்குல பாத்துக்கலாம்"னு சொல்ற அப்பா அம்மாவ பாத்தா எனக்கு பகீர்னு இருக்கும், ஏன்னா அந்தப் புள்ள ப்ரமியேர்ல செப்டம்பர் மாசம் எழுதுற டெஸ்டே ஃபைல்ல ஏறிட்டு இருக்கு.

இதுல எனக்கு ஒரு கடுப்பும் உண்டு. இந்த முறை ஒழுங்கான புள்ளைங்களுக்கான முறை. கணக்குல மட்டும் பைத்தியமா இருந்து மத்ததுல கோட்டை விடுறவனுக்கு இது ஒத்துவராது. நம்ம கும்பகோணத்து ராமானுஜனுக்கு காலேஜ் ஸ்காலர்ஷிப் போனதே மத்த பாடத்துல ஃபெயில் ஆனதாலதான், அவரு இப்போ பார்கூர்சூப்ல போட்டிருந்தா பிரெஞ்சு மார்க்க பாத்துட்டு பெரிய லிசே எல்லாம் வேணாம்னு ஒதுக்கியிருக்கும்.

ஸ்பெஷியாலித்தே விஷயம் சட்டுனு சொல்லிடுறேன். ப்ரமியேர்ல மூணு எடுக்கணும், தெர்மினால்ல ஒண்ண விட்டுடணும். கணக்கு ப்ரெப்பாவுக்கு கணக்கும் பிசிக்ஸும் வச்சுக்குறது சேஃப், கணக்கும் கம்ப்யூட்டரும்னா அதுக்கும் இப்போ எம்பி2ஐன்னு ஒரு ப்ரெப்பா இருக்கு, 2021ல வந்துச்சு. அதோட தெர்மினால்ல மாத் எக்ஸ்பெர்த்னு வாரம் மூணு மணி நேரம் கூடுதலா ஒரு ஆப்ஷன், அத கண்டிப்பா எடுக்கணும். காம்ப்ளெக்ஸ் நம்பர், மேட்ரிக்ஸ், நம்பர் தியரி எல்லாம் அதுலதான் வருது. பொண்ணுங்க விஷயத்துல மட்டும் ஒரு வார்த்தை, இந்த சீர்திருத்தம் வந்ததுல இருந்து பிரான்ஸ் முழுக்க கணக்கு எடுக்குற பொண்ணுங்க எண்ணிக்கை கொறஞ்சு போச்சு, நம்ம வீடுகள்ல அதுக்கு மேல "டாக்டருக்குப் படி"ன்னு வேற ஒரு தள்ளு. கணக்கு புடிச்ச பொண்ண பயாலஜி பக்கம் தள்ளாதீங்க, ப்ளீஸ்.

டீச்சர் எழுதுற வரியப் பத்தி யாரும் பேசுறதில்ல, எனக்கு அதுதான் பெரிய விஷயமா தெரியுது. ஃபிஷ் அவ்னீர்னு ஒரு தாள், அதுல ஒவ்வொரு பாடத்துக்கும் மார்க், கிளாஸ்ல எத்தனாவது, அதுக்குக் கீழ டீச்சரோட கருத்து. ப்ரமியேர் ரிப்போர்ட் கார்டுலயும் இதே மாதிரிதான், தம்பிக்கு கணக்கு 17, பக்கத்துல "நல்ல ரிசல்ட், ஆனா வாயே தெறக்க மாட்டேங்குறான்" அப்படிங்குற அர்த்தத்துல ஒரு வரி. அம்மா 17ஐ பாத்து சந்தோஷப்பட்டாங்க, நான் அந்த வரிய பாத்து கவலைப்பட்டேன். ஏன்னா பாரிஸ்ல பெரிய லிசேல ஃபைல் பாக்குறவங்க முன்னாடி 17ம் 18ம் குவிஞ்சு கெடக்கும், அவங்க பிரிக்கிறது அந்த வரியிலதான். நம்ம வீட்டுல பெரியவங்க முன்னாடி வாயத் தெறக்காதன்னு வளக்குறோம், இங்க கிளாஸ்ல கை தூக்காதவன் பாடத்துல ஆர்வம் இல்லாதவன்னு எழுதிடுறாங்க. தெர்மினால்ல அவன போர்டுக்குப் போடா, தப்பா போட்டாலும் பரவால்லன்னு தள்ளித் தள்ளித்தான் அந்த வரி மாறுச்சு.

விருப்பம் போடுற கட்டம் ஜனவரி நடுவுல ஆரம்பிக்குது, அப்போ நமக்கு இங்க பெரிய லீவு, வெயில், புயல் சீசன். 2025ல கடைசி தேதி மார்ச் 13, பாரிஸ் நேரம் ராத்திரி 11.59, அப்போ குளிர்கால நேரம்ங்கறதால நம்ம கடிகாரம் மூணு மணி நேரம் முன்னாடி ஓடும், கணக்குப் போட்டா மறுநாள் விடியக்காலை 2.59. அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி, பிப்ரவரி 28ல காரான்ஸ் புயல். கரண்ட் இல்ல, தண்ணி இல்ல, அப்பா கார்ல போன சார்ஜ் போட்டுட்டு உக்காந்திருப்பாரு, தம்பி பின் சீட்ல உக்காந்து நோட்டுல கையால அந்த மோட்டிவேஷன் லெட்டர எழுதுவான். 1500 எழுத்துதான் அனுமதி, ஸ்பேஸும் சேத்து.

மொத ட்ராஃப்ட்ல "சின்ன வயசுல இருந்தே எனக்கு கணக்குன்னா உயிர்"னு ஆரம்பிச்சிருந்தான். அடிச்சுட்டேன். அத ஊரே எழுதும். சமீபத்துல எந்த கணக்கு உன்ன தூங்க விடலடான்னு கேட்டேன். 4ஆல வகுத்தா 3 மீதி வர்ற ப்ரைம் நம்பர்கள் முடிவில்லாம இருக்குன்னு எக்ஸ்பெர்த் கிளாஸ்ல நிரூபிச்சாங்களாம், அதே மாதிரி 1 மீதி வர்றதுக்கும் பண்ணலாம்னு உக்காந்தானாம், வரல. ஏன் வரலன்னு தேடுனா, 3 மீதி உள்ள ரெண்டு நம்பர பெருக்குனா 1 மீதி வந்துடுது, அதனால 1 மீதி உள்ள ஒரு நம்பருக்குள்ள 1 மீதி உள்ள ப்ரைம் இருந்தே ஆகணும்னு கட்டாயம் இல்ல, அந்த வழி அங்கயே ஒடைஞ்சு போகுது. இதத்தான்டா எழுதணும்னு சொன்னேன், எழுதுனான், இடமே பத்தல, அப்புறம் கடைசியில ரெண்டு வரியில ஏன் ப்ரெப்பான்னு எழுதி முடிச்சான். அந்த லெட்டர எவ்வளவு பேர் உக்காந்து படிக்கிறாங்களோ, ஆனா அத எழுதுனப்புறம்தான் அவனுக்கே தனக்கு வேணுங்குறது இன்ஜினியரிங் இல்ல, கணக்குன்னு தெளிவாச்சு.

விருப்பம் மொத்தம் பத்து. எம்பிஎஸ்ஐங்குற கணக்கு-பிசிக்ஸ் ப்ரெப்பா முழுசும் ஒரே விருப்பம்தான், அதுக்குள்ள பத்து லிசே வரைக்கும் போடலாம், ஹாஸ்டலோட வேணும் இல்லாம வேணும்ங்குறது ரெண்டா எண்ணப்படாது. லூயி ல கிரான், ஆன்ரி காத்ர், வெர்சாய்ல ஜினெத், லியோன்ல லிசே த்யூ பார்க், துலூஸ்ல ஃபெர்மா, மார்சேய்ல தியேர்னு எல்லாரும் ஒரே லிஸ்ட்டதான் போடுறாங்க. போடுங்க, போடுறதுல நஷ்டம் இல்ல. ஆனா கூடவே இங்க லெகோந்த் த லீலையும் தெற்கு பக்கம் இருந்தா தம்போன்ல ரோலான் கரோஸையும் போடாம விடாதீங்க. நம்ம ஆளுங்க "இங்க படிச்சா மதிப்பு இல்ல"ன்னு சர்வ சாதாரணமா சொல்றாங்க. சிலபஸ் பிரான்ஸ் முழுக்க ஒண்ணு, கோன்கூர் பேப்பர் ஒண்ணு, எழுத்துத் தேர்வ இந்தத் தீவுலயே எழுதலாம், ஓரல் வந்தாதான் பாரிஸுக்கு ஃப்ளைட் ஏறணும். பெரிய லிசேக்குப் போனா, ஆராய்ச்சிக்குப் பேர் போன எக்கோல் நோர்மால் கதவு கொஞ்சம் பெரிசா தெறக்கும், அது உண்மை, மறைக்கல. ஆனா பதினேழு பதினெட்டு வயசுல பதினோரு மணி நேர ஃப்ளைட் தாண்டி, ஜன்னல்ல இருட்டா இருக்குற நவம்பர் மாசத்துல, வாரா வாரம் எட்டு மார்க் வாங்கிட்டு தனியா அழற புள்ளைங்களையும் பாத்திருக்கேன். டிக்கெட்டுக்கு லாடோம்ங்குற அரசு அமைப்பு உதவி பண்ணும், ஆனா அதே படிப்பு இங்கயே இருந்தா ரூல் இறுக்கமா இருக்கும், அதனால முன்னாடியே போய் கேட்டுக்கோங்க.

எட்டு மார்க்குன்னா என்னன்னு சொல்லணும்ல. ப்ரெப்பால கோல்னு ஒரு ஓரல் டெஸ்ட், மூணு பசங்க, ஆளுக்கு ஒரு போர்டு, ஒரு ப்ரொஃப், ஒரு மணி நேரம். மொத கோர்ஸ்ல இருந்து ஒரு தேற்றத்த நிரூபிக்கச் சொல்லுவாங்க, அப்புறம் புதுசா ஒரு கணக்கு. எனக்கு வந்ததுல ஒண்ணு, ஒரு சீக்வென்ஸ் ஒரு எல்லைக்குப் போகுதுன்னா அதோட சராசரியும் அதே எல்லைக்குப் போகும்னு காட்டணும். கேக்க எவ்வளவு ஈஸியா இருக்கு. சாக்பீஸ எடுத்துட்டு நின்னேன், ஒவ்வொரு உறுப்புலயும் எல்லைய கழிச்சுட்டு கூட்டல ரெண்டா வெட்டணும், மொத கொஞ்சம் உறுப்புங்கள ஒரு துண்டா, அதுக்கு மேல உள்ளத ஒரு துண்டா, பின் துண்டோட சராசரி எப்சிலான்ங்குற குட்டி நம்பருக்குள்ள அடங்கிடும், முன் துண்டு மாறாத ஒரு நம்பர், அத உறுப்புங்க எண்ணிக்கையான n-ஆல வகுத்தா, n பெருசாகப் பெருசாக தானா ஒண்ணுமில்லாம போயிடும். வெட்டணும்னு தோணவே இருபது நிமிஷம். ப்ரொஃப் ஒண்ணும் பேசாம பக்கத்து போர்ட பாத்துட்டு இருந்தாரு. வாரத்துல பன்னெண்டு மணி நேரம் கணக்கு கிளாஸ், அதுக்கு மேல இது. லிசேல 18 வாங்குன புள்ள இங்க 8 வாங்குறது சகஜம், வீட்டுல இருக்குறவங்க அத பாத்து பதறக் கூடாது. ரெண்டாவது வருஷத்த திருப்பிப் படிக்கிறதும் சகஜம்தான். மொத தடவ அந்த வருஷத்துல இருக்குறவனுக்கு மூணு பை ரெண்டுன்னு பேரு, திருப்பிப் படிக்கிறவனுக்கு அஞ்சு பை ரெண்டு, எக்ஸோட இன்டெக்ரல ஒண்ணுல இருந்து ரெண்டு வரைக்கும் போட்டா 3/2, ரெண்டுல இருந்து மூணு வரைக்கும் போட்டா 5/2, எக்ஸ்னா பொலிடெக்னிக், எல்லாரும் போக ஆசைப்படுற இன்ஜினியரிங் ஸ்கூல். இந்த மாதிரி ஜோக்குக்கு சிரிக்கிற புள்ளையா இருந்தா ப்ரெப்பாவுக்கு அனுப்புங்க.

சிரிக்காத புள்ளைக்கும் வழி இருக்கு, அத யாரும் சொல்லித் தர்றதில்லங்குறதுதான் என் ஆதங்கம். எக்கோல் நோர்மால் கோன்கூர் இல்லாம யூனிவர்சிட்டில லிசான்ஸ் (மூணு வருஷ டிகிரி) படிக்கிற பசங்களயும் தனியா எடுக்குது, கோன்கூர்ல போறவங்களுக்கு மாதாமாதம் சம்பளம் உண்டு, இவங்களுக்கு கெடையாது, ஆனா உக்காந்து படிக்கிற வகுப்பு ஒண்ணுதான். பாரிஸ் பக்கத்துல ஓர்சேல மாஜிஸ்தேர்னு ஒரு கணக்கு கோர்ஸ் லிசான்ஸ் மூணாவது வருஷத்துல ஆரம்பிக்குது, அந்த பாரிஸ் சாக்லே யூனிவர்சிட்டி 2020ல ஷாங்காய் ரேங்கிங்ல கணக்குக்கு உலகத்துலயே மொதல்ல வந்துச்சு, நம்ம ஆளுங்களுக்கு அது பேரே தெரியாது. சொர்போன்ல கணக்கையும் பிசிக்ஸையும் சேத்துப் படிக்கிற டபுள் கோர்ஸ் இருக்கு. ஒண்ணுமே இல்லன்னா மூஃபியால நம்ம யூனிவர்சிட்டில லிசான்ஸ் சேந்து, மூணாவது வருஷம் வெளிய போகலாம். பத்து விருப்பத்துல எம்பிஎஸ்ஐ ஒண்ணுதான் எண்ணிக்கைன்னு மேல சொன்னேன்ல, மிச்ச ஒம்போத இதுக்கெல்லாம் பயன்படுத்துங்க, இன்ஜினியரிங் ஸ்கூலா போட்டு ரொப்பாதீங்க.

ஜூன் 2 ராத்திரி ஒம்போது மணிக்கு, பாரிஸ்ல ஏழு மணி, ரிசல்ட் தெறந்துச்சு. லெகோந்த் த லீல் உடனே சரின்னுடுச்சு, ஓர்சே லிசான்ஸும் சரி, லியோன் வெயிட்டிங், பாரிஸ் ரெண்டும் இல்லன்னுடுச்சு. ஒண்ண ஏத்துக்கிட்டு மத்தத வெயிட்டிங்ல வச்சிருக்கலாம், ஆனா ஜூன் தொடக்கத்துலயே அந்த வெயிட்டிங் லிஸ்ட்ட எது மொத, எது அடுத்ததுன்னு வரிசைப்படுத்தியே ஆகணும், பண்ணலன்னா அதெல்லாம் போயிடும். ஒவ்வொரு சீட்டுக்கும் பதில் சொல்ல நேரம் வேற கொஞ்சம்தான், அதுவும் பாரிஸ் நேரக் கணக்கு, பக் படிப்புக்கு நடுவுல புள்ளைக்கு இது ஞாபகம் இருக்காது, அதனால அப்பாவோட போன் நம்பரையும் அதுல குடுத்து வச்சிடுங்க. தம்பி லியோன மேல வச்சான், இடம் வரல, இங்கயே சேந்துட்டான். எக்ஸ்பெர்த் கிளாஸ்ல கூட படிச்ச ஒரு பொண்ணு ஓர்சே போயிருக்கா. அவளுக்கு அங்க ரூம் தேடுறது தனிக் கதை, க்ரூஸ் (அரசு மாணவர் ஹாஸ்டல்) இடத்துக்கு பார்கூர்சூப் பதில் வர்ற வரைக்கும் காத்திருக்காம, மார்ச்லயே ஸ்காலர்ஷிப்புக்கும் அதுக்கும் சேத்து போடுற ஒரே விண்ணப்பமான தோசியே சோசியால போட்டு வச்சிடணும்.